1,860 டொலர் வீடும் மேசையில் கிடக்கும் கடதாசியும்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு இரவு வேலை. இவர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள், மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறார். 2019 ஒக்டோபரில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு கொண்டோவில் (தனித்தனியாக விற்கப்படும் அடுக்குமாடி வீட்டில்) மாதம் 1,750 டொலருக்குக் குடிவந்தார்கள். கட்டடம் 2009இல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது ஒரு வருட ஒப்பந்தம் எழுதினார்கள், அதன் பிறகு எதுவும் எழுதவில்லை. மூன்று தடவை சிறிது சிறிதாக ஏறி, வாடகை இப்போது 1,860 டொலர். அதில் 1,400ஐ வங்கி வழியாக அனுப்புகிறார்கள். மிச்சத்தை வீட்டுக்காரர் காசாகத்தான் வாங்குவார், ரசீது கிடையாது. அவர் கணவருடைய ஊர்க்காரர், கலியாண வீடுகளில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற பழக்கம்.

போன மாதம் அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி: வருகிற முதலாம் திகதியிலிருந்து வாடகை 2,500 டொலர், முடியாவிட்டால் வீட்டை விடுங்கள், என் தம்பியின் மகன் வந்து இருக்கப் போகிறான். 1991க்குப் பிறகு கட்டிய கட்டடத்துக்கு வாடகைக் கட்டுப்பாடு இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து நேரில் வந்து, "சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி" என்று சொல்லி என்-11 என்ற படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகளோ, "வாடகை எல்லா இடமும் இறங்கிவிட்டது, புதுக் கட்டடங்களில் இரண்டு மாதம் இலவசமாகத் தருகிறார்கள், போய்விடுவோம்" என்கிறார். சகோதரி கேட்பது இது: "ஒப்பந்தம் முடிந்து ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, எங்களுக்கு உரிமை ஏதும் மிச்சம் உண்டா? வழக்கு அது இது என்று போனால் அம்மாவை ஸ்பொன்சர் செய்வதற்குப் பாதிப்பு வருமா? பேசாமல் கையெழுத்து வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதையா?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவுசெய்து அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். பேனாவைத் தொடுவதற்கு முன் மிச்சத்தையும் படியுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் உரிமை முடிவதில்லை

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு பயம் ஓடுகிறது: ஒப்பந்தத் திகதி கடந்துவிட்டதால் வீட்டுக்காரருடைய தயவில் இருக்கிறோம் என்று. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் நீங்கள் தானாகவே மாதாந்த வாடகைக் குடியிருப்பாளர் ஆகிவிடுகிறீர்கள். பழைய நிபந்தனைகள் எல்லாம் அப்படியே தொடரும். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி உங்களை ஒருவரும் வற்புறுத்த முடியாது. 2020 ஒக்டோபரிலிருந்து நீங்கள் இருப்பது அந்த உரிமையில்தான்.

அடுத்தது 1991. வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை; பழைய சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். 1991 நவம்பருக்குப் பிறகு வந்த கட்டடங்களுக்கு ஒரு காலத்தில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. அந்த விலக்கு 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. பிறகு 2018இல் வேறொரு விலக்கு வந்தது: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக மக்கள் குடியேறிய வீடுகளுக்கு உச்சவரம்பு இல்லை. உங்கள் கட்டடத்தில் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஆட்கள் குடியேறிவிட்டார்கள். ஆகவே உங்கள் வீடு கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. 2018 நவம்பர் 15 என்ற திகதியை நினைவில் வையுங்கள், மகளின் யோசனைக்கு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு வாடகை கூட்டுவதற்கு மூன்று நிபந்தனைகள். 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம். 90 நாள் முன்பாக, என்-1 என்ற படிவத்தில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மாகாண அரசு அந்த ஆண்டுக்கு அறிவித்த வீதத்தைத் தாண்டக் கூடாது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளுக்கும் அது 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். உங்கள் 1,860க்கு 2.1 வீதம் என்றால் ஏறக்குறைய 39 டொலர், அதாவது 1,899. அவர் கேட்பது 640 டொலர் உயர்வு, 34 வீதம். வட்ஸ்அப் செய்தி என்-1 ஆகாது, அடுத்த முதலாம் திகதி 90 நாள் ஆகாது, 34 வீதம் 2.1 ஆகாது.

கட்டடத்தில் பெரிய திருத்த வேலை செய்தால் வீட்டுக்காரர், வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் சபைக்கு விண்ணப்பித்து அரசு வீதத்துக்கு மேலே வாங்க வழி இருக்கிறது. அங்கேகூட மேலதிகமாகக் கிடைப்பது ஆண்டுக்கு 3 வீதம் வரைதான். மோர்கேஜ் (வீட்டுக் கடன்) வட்டி கூடியது அதற்கான காரணங்களில் ஒன்றல்ல.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சட்டத்துக்கு மாறான உயர்வைப் பிரச்சினை வேண்டாம் என்று பேசாமல் கட்டத் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் அதை எதிர்த்து விண்ணப்பிக்காமல் விட்டால், அந்த உயர்வே சட்டபூர்வமான வாடகையாகிவிடும். ஆகவே "இப்போதைக்குக் கட்டிக்கொண்டிருப்போம், பிறகு பார்ப்போம்" என்ற யோசனை உங்களுக்கு இருந்தால், அதைக் கைவிடுங்கள்.

வாடகை இறங்கியது உண்மை. யாருக்கு?

மகள் சொல்வது தவறில்லை. 2022, 2023இல் ரொறன்ரோவில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், ஒரு பேஸ்மென்டுக்கு எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்று. கனடா வங்கி 2022 மார்ச்சில் 0.25 வீதத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்குக் கொண்டு போனது. வீடு வாங்க நினைத்தவர்கள் வாங்காமல் வாடகைக்கே வந்து நின்றார்கள். மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் அதே வரிசையில் சேர்ந்தார்கள். பிறகு காற்று மாறியது. 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. பல வருடம் முன்பே முற்பணம் கட்டி வாங்கப்பட்ட கொண்டோக்கள் ஏராளமாகக் கட்டி முடிந்து சாவி கைக்கு வந்தது. முதலீட்டுக்காக வாங்கியவர்கள் விற்க முடியாமல் வாடகைக்கு விட்டார்கள். அதனால் விளம்பரத்தில் காணும் வாடகை உச்சத்திலிருந்து இறங்கியது. ஒரு மாதம், இரண்டு மாதம் இலவசம் என்ற அறிவிப்புகள் வந்தன.

ஆனால் விளம்பர வாடகையும் நீங்கள் கட்டும் வாடகையும் ஒன்றல்ல. ஒன்ராறியோவில் கட்டுப்பாடு ஆளோடு போகிறது, வீட்டோடு நிற்பதில்லை. ஒருவர் வெளியேறியதும் அடுத்தவரிடம் எவ்வளவு கேட்பது என்பது வீட்டுக்காரரின் விருப்பம். 1998 முதல் இதுதான் விதி. அதனால் ஒரே மாடியில், ஒரே அளவு வீட்டுக்கு, ஒருவர் 1,860 கட்டுவார், எதிர் வீட்டுக்காரர் 2,500 கட்டுவார். விளம்பர வாடகை இறங்கிய பின்னும் அது உங்கள் வாடகைக்கு மேலேதான் நிற்கிறது.

உங்கள் வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த இடைவெளிதான். அவர் கேட்கும் 2,500க்கு வெளியே ஆள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு 640 டொலர் மிச்சம், வருடத்துக்கு 7,680. நீங்கள் வெளியேறினால் அதே தொகை அவருடைய பக்கம் போகும். கையெழுத்து கேட்டு அவர் வைத்துவிட்டுப் போன கடதாசியின் விலை அவ்வளவு. அதைப் பணம் எதுவும் வாங்காமல், மரியாதைக்காக, கொடுத்துவிடப் பார்க்கிறீர்கள்.

என்-11 என்பது என்ன?

இரு தரப்பும் மனமொத்து வாடகை உறவை முடித்துக்கொள்கிறோம் என்ற ஒப்பந்தம் அது. "ஃபோர்மாலிட்டி" இல்லை. கையெழுத்திட்டுக் கொடுத்து, சொன்ன திகதியில் நீங்கள் வெளியேறாவிட்டால், வீட்டுக்காரர் அதைக் காட்டி விசாரணையே இல்லாமல் வெளியேற்ற உத்தரவு வாங்க முடியும். உத்தரவு பிறப்பிக்கப்பட்ட பிறகு அதை நிறுத்தக் கேட்க வெறும் 10 நாள்தான். சென்ற ஆண்டு என்னிடம் ஒரு குடும்பம் அந்தப் பத்து நாளும் கடந்த பின்னர் வந்தது. உறவுக்காரர் கேட்டார் என்று கையெழுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. இப்போதும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது. உங்கள் கடிதத்தை வரிசையில் முன்னுக்கு எடுத்ததும் அதனால்தான்.

தம்பி மகன் வரலாம், ஆனால் சட்டம் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை

சொந்தத் தேவைக்கு வீட்டைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதற்கான படிவம் என்-12. யாருக்காகக் கேட்கலாம் என்பதைச் சட்டம் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது: வீட்டுக்காரர், அவருடைய துணை, அவர்கள் இருவரின் பிள்ளைகள், பெற்றோர், இவர்களுக்குப் பராமரிப்பு உதவி செய்பவர். தம்பி இந்தப் பட்டியலில் இல்லை. தம்பியின் மகனும் இல்லை.

ஆனாலும் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கு அவர், "என் சொந்த மகன்தான் வருகிறான்" என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்போது நடக்க வேண்டியது இது: முறைப்படி குறைந்தது 60 நாள் அறிவித்தல் தர வேண்டும், அப்படி 60 நாள் அவகாசத்தில் கேட்டால் ஒரு மாத வாடகையை, உங்கள் விஷயத்தில் குறைந்தது 1,860 டொலரை, அறிவித்தலில் குறித்த வெளியேறும் திகதிக்குள் உங்கள் கையில் இழப்பீடாகத் தர வேண்டும், வருபவர் குறைந்தது ஒரு வருடமாவது அங்கே வாழ வேண்டும். அறிவித்தல் கிடைத்த உடனே நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் சபையில், எல்லோரும் எல்.ரி.பி. என்று சொல்கிற அந்த இடத்தில், அவர் விண்ணப்பிக்க வேண்டும். விசாரணையில் உங்கள் பக்கத்தையும் கேட்பார்கள். உத்தரவு வந்தால்கூட அதை நிறைவேற்ற நீதிமன்ற அதிகாரியான ஷெரிஃபுக்கு மட்டும்தான் அதிகாரம். வீட்டுக்காரர் பூட்டை மாற்றுவதோ மின்சாரத்தை நிறுத்துவதோ சட்டவிரோதம்.

நேர்மையான சொந்தத் தேவை என்று சபை ஏற்றுக்கொண்டால் கடைசியில் நீங்கள் வெளியேற வேண்டித்தான் வரும். அதற்கு மனதைத் தயாராக வைத்திருங்கள். மாதம் கொஞ்சமாவது ஒதுக்கி வையுங்கள். ஆனால் நீங்கள் போன பிறகு ஒரு வருடத்துக்குள் அந்த வீடு வாடகைக்கென்று விளம்பரத்தில் வந்தால், அவர் நேர்மையாக நடக்கவில்லை என்றே சபை முதலில் எடுத்துக்கொள்ளும். ரி-5 விண்ணப்பம் போட்டால் 12 மாத வாடகை வரை நட்ட ஈடு, வாடகை வித்தியாசம், வீடு மாறிய செலவு எல்லாம் கேட்கலாம். விண்ணப்பிக்க உங்களுக்கு இருக்கும் காலமும் ஒரு வருடம்தான்.

மகளின் யோசனை

மகள் கண்டுபிடித்த இடம் 2022இல் திறந்த கோபுரம், மாதம் 2,400, முதல் வருடத்தில் இரண்டு மாதம் இலவசம் என்று எழுதியிருந்தீர்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து மாதத்துக்கு 24,000. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 2,000. இப்போதைய வீட்டில் நியாயமான உயர்வோடு 1,899. மாதம் நூறு டொலருக்குப் புதுக் கட்டடம், கண்ணாடிச் சுவர், உடற்பயிற்சி அறை. மகளுக்கு ஆசை வருவதில் தப்பில்லை.

இரண்டாம் வருடத்தைப் பாருங்கள். சட்டத்தின் கண்ணில் உங்கள் வாடகை 2,000 அல்ல, 2,400. எழுத்தில் கொடுக்கப்பட்டு, மூன்று மாதம் வரை இருக்கும் இலவச மாதங்கள் சட்டபூர்வ வாடகையைக் குறைப்பதில்லை. அதோடு அந்தக் கோபுரம் 2018 நவம்பர் 15க்குப் பிறகு வந்தது. அங்கே அரசு வீதம் பொருந்தாது. 90 நாள் அறிவித்தல் கொடுத்து 2,700 கேட்டால் எதிர்க்க வழியில்லை. சந்தை தளர்ந்திருக்கும் இன்று அப்படிக் கேட்கமாட்டார்கள். ஆனால் 2020இல், கோவிட் காலத்தில், நகர மையத்தில் இறங்கிய வாடகை இரண்டே வருடத்தில் எப்படித் திரும்பி ஏறியது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மகளிடம் இதைத் தடையாகச் சொல்லாதீர்கள். அவருக்குத் தேடும் கெட்டித்தனம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 2018 நவம்பர் 15க்கு முன் குடியேறிய பழைய கட்டடங்களில், இப்போதைய தளர்ந்த சந்தையில், என்ன விலைக்கு வீடு கிடைக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்-12 உண்மையாகவே வந்தால் அந்தப் பட்டியல் கையில் இருக்கும். எங்கே போனாலும் கடைசி மாத வாடகைக்கு மேல் வைப்புப் பணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. "டமேஜ் டெபொசிட்" இந்த மாகாணத்தில் சட்டவிரோதம்.

காசாகக் கொடுக்கும் 460 டொலர்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான், நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு உறவு முறிந்தால், "மாதம் 1,400தான் கட்டினார்கள், மிச்சம் பாக்கி" என்று அவர் சொல்லலாம். வாடகைப் பாக்கி என்ற காரணம் வெளியேற்றத்துக்குக் குறுகிய வழிகளில் ஒன்று. கேட்டால் ரசீது தர வேண்டியது அவர் கடமை. இனி முழுத் தொகையையும் வங்கி வழியே அனுப்புங்கள். காசாகத்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். பழைய மாதங்களுக்கு, வங்கியிலிருந்து காசு எடுத்த பதிவுகள், "காசு கிடைத்தது" என்று அவர் அனுப்பிய செய்திகள், எதையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள்.

அம்மாவின் விண்ணப்பம்

எல்.ரி.பி.யில் நடப்பது குற்ற வழக்கு அல்ல. உங்கள் உரிமைக்காக அங்கே போவதால் அம்மாவை ஸ்பொன்சர் செய்வதில் தடை வராது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சபையின் உத்தரவுகள் வெளியே தெரியவரலாம், புதிய வீட்டுக்காரர்கள் தேடிப் பார்ப்பதும் உண்டு. வாடகை கட்டவில்லை என்று ஒரு உத்தரவு உங்கள் பெயரில் வந்தால் அடுத்த வீடு எடுப்பது கஷ்டமாகும். அதனால் எவ்வளவு மனஸ்தாபம் வந்தாலும், கோபத்தில்கூட, 1,860ஐ ஒரு நாளும் பிந்தாமல் கட்டுங்கள்.

ஊர்க்காரர் என்ற உறவு

அவரையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். 2021 அளவில் ஏறக்குறைய 2 வீத வட்டிக்கு மோர்கேஜ் எடுத்த பலர் இப்போது 4 வீத அளவில் புதுப்பிக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணமும் கூடுகிறது, விற்கப் போனால் கொண்டோ விலை விழுந்து கிடக்கிறது. அவர் நெருக்கடியில் இருக்கக்கூடும். உங்களை ஏமாற்றுவதற்கென்றே அவர் வந்தார் என்று கொள்ள வேண்டாம்.

ஆனால் அவருடைய நெருக்கடிக்கு இருக்கிற நேர்மையான வழிகள் வேறு. நீங்கள் இருக்கும்போதே அவர் வீட்டை விற்கலாம்; வாங்குபவர் தானே குடிவர விரும்பினால் அதற்கும் என்-12 உண்டு, 60 நாளும் ஒரு மாத இழப்பீடும் அப்போதும் உண்டு. அல்லது நீங்களாக வெளியேற ஒரு தொகை தர முன்வரலாம். இது சட்டப்படி சரியானதே, இங்கே அடிக்கடி நடக்கிறது. அப்படிப் பேச்சு வந்தால் 7,680 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் என்று தொடங்குவார்கள். புதிய வீட்டின் கூடுதல் வாடகை சில மாதத்திலேயே அதைத் தின்றுவிடும். பணம் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். கணவருக்கு ஊர்க்காரரோடு இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், படிவங்களையும் செய்திகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியிலுள்ள சமூகச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். உங்கள் வருமானத்துக்கு அங்கே பெரும்பாலும் இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும்.

நேரில் பேசும்போது வார்த்தை தடுமாறும் என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே எழுத்தில் அனுப்புங்கள். நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"அண்ணா, வாடகை பற்றி நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. எங்கள் கட்டடம் 2018க்கு முந்தியது என்பதால் அரசு அறிவித்த வீதம்தான் பொருந்தும் என்று அறிந்துகொண்டோம். என்-1 படிவத்தில் 90 நாள் அவகாசத்தோடு தாருங்கள், 2026க்குரிய 2.1 வீத உயர்வைத் தவறாமல் கட்டுவோம். அதுவரை 1,860 டொலரையும் ஒவ்வொரு முதலாம் திகதியும் வங்கி வழியாக அனுப்புகிறோம். என்-11 படிவத்தில் கையெழுத்து வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நீங்களும் அண்ணியும் சுகம்தானே."

அனுப்பிய பிறகு அதைப் படம் பிடித்து, திகதியோடு மகளின் தொலைபேசியிலும் ஒரு பிரதி வையுங்கள்.